காம்பிராவுக்குள் ஒரு கார்ப் பாதை

தெமோதரைப் புகையிரத நிலையத்திலே சற்று நின்று பார்த்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். எல்லவிலிருந்து வரும் வண்டி நிலையத்தை விட்டு நீங்கி, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே உள்ள சுரங்கத்தினுள் நுழைந்து பதுளை நோக்கிச் செல்லும். மலையகப் பாதையிலே 44 அடி தூரத்துக்கு ஓரடிக்கு மேல் சரிவு இருத்தலாகாது. இறங்கவேண்டிய ஆழமோ அதிகம், இடமோ குறைவு. ஆகவே பாதை தன்னைத் தானே சுற்றிக்கொண்டது. கங்காணியார் ஒருவர் தலைப்பாகை கட்டிய விதத்தைக் கண்டே பொறியியலாளருக்கு இந்த யுக்தி தோன்றிற்று என்பர். மெய்யோ பொய்யோ, கேட்க இனிய கதை. 1924ஆம் ஆண்டு பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது.

இது என் நினைவுக்கு வந்தது மாணவன் ஒருவனின் வீட்டிலே. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பிரா. வானொலி அலையால் இயங்கும் கையகலக் காருக்கு அவன் அங்கே பாதை அமைக்கிறான். இரவில் ஐவர் உறங்கும் இடம் அது. ஆதலால் பாதையைக் கால்மணி நேரத்தில் கழற்றி அடுக்கிவிட வேண்டும்.

வெறும் வட்டம் விரைவிலே சலித்துவிடும். 8 என்னும் இலக்கம்போல் அமைத்தால் பாதையின் மேலே பாதை செல்லவேண்டும். காரின் உயரமும் மட்டையின் கனமும் சேர்த்து 4 அங்குலமேனும் எழும்பவேண்டும். புகையிரதத்தின் சரிவுக் கணக்குப்படி அதற்கு 176 அங்குலம், அதாவது 14 அடி 8 அங்குலம் தேவை. சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்குள் போகவேண்டியதுதான்! ஆனால் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றும் பிடி சொற்பம். இறப்பர்ச் சக்கரம் நன்கு பற்றும். பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் 40 அங்குலமே போதும்.

தளத்துக்கு அவன் முதலில் சாக்கை விரித்தான். நார் அச்சிலே சுற்றிக் கார் நின்றுவிட்டது. இப்பொழுது கனத்த காகித அட்டை. ஓரத்துக்குப் பழைய தண்ணீர்க்குழாய்; மோதினாலும் கார் உடையாது. வளைவுகளிலேதான் தொல்லை. வேகம் இருமடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்மடங்காகும். எனவே வளைவைத் தாராளமாக விடுதலும், வெளியோரத்தைச் சற்றே உயர்த்துதலும் நலம்.

இரு கார்களை ஓடவிடுவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 27 மெகாஹேர்ட்ஸ் அலையில் இயங்கும் மலிவான கார்கள் இரண்டு ஒரே அலையைப் பயன்படுத்தினால், ஒரு நிலையத்தின் மீது மற்றொரு நிலையம் ஒலிப்பதுபோல் ஒன்றன் கட்டளை மற்றதைக் குழப்பும். 2.4 கிகாஹேர்ட்ஸில் இயங்கும் புதிய கார்களில் இத்தொல்லை அரிது.

மட்டைகள் மொத்தம் 22. ஒவ்வொன்றின் பின்புறமும் கரியால் இலக்கமிட்டிருக்கிறான். தாயார் கொழுந்து நிறுத்து வீடு திரும்புமுன் யாவும் கட்டிலின் கீழே போய்விடும்.