உஷார்! அந்தச் சாவி நீங்கள் கொடுத்தது

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பைக் ஷோரூம்களில் நிற்க இடம் இருக்காது. பையன் பாஸாகிவிட்டான், காலேஜில் சேரப்போகிறான், இத்தனை நாள் கேட்டதை இப்போதாவது வாங்கித்தர வேண்டும். அப்பா லோனுக்குக் கையெழுத்துப் போடுவார். அம்மா வளையலை அடகு வைத்து முன்பணம் கட்டுவார். வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பமே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். சில மாதங்களில் அதே வண்டி நள்ளிரவில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ ஓஎம்ஆரிலோ இன்னொரு வண்டிக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கும். ஒருவன் கையைத் தூக்கி இறக்குவான். இரண்டு பேரும் கிளட்ச்சை விட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்கள். முதலில் யார் என்று பெட். நேர்ரோடு, முழு முறுக்கு, சில வினாடி. டிராக் ரேஸ் என்பது அவ்வளவுதான்.

பெற்றோர்களே, உஷாராகுங்கள். இது உங்கள் வீட்டுக்குத் தெரியாமல் நடக்கும் விஷயம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சம்பாதிக்காத பையன் ராத்திரி ரேஸ் விட வேண்டுமானால் யாராவது பெட்ரோல் போட வேண்டும், டயர் வாங்கித்தர வேண்டும், மெக்கானிக் பில் கட்ட வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுக்கிறார். "வயசுப் பையன், இப்ப ஓட்டாம எப்ப ஓட்டுவான்" என்று மாமா பரிந்து பேசுகிறார். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் "நம்ம பையன் செங்கல்பட்டுலேர்ந்து தாம்பரத்துக்கு இருபது நிமிஷத்துல வந்துட்டான்" என்று அப்பாவே பெருமையடித்துக்கொள்கிறார். பையன் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நிற்கிறான். அடுத்த முறை பதினெட்டு நிமிடத்தில் வரப் பார்ப்பான்.

இன்று சாயங்காலம் வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். பக்கக் கண்ணாடிகள் இருக்கின்றனவா? பின்பக்க மட்கார்டும் சேலை கார்டும் கழற்றப்பட்டிருந்தால் எடை குறைக்கிறான் என்று அர்த்தம். நம்பர் பிளேட் மேல்நோக்கி வளைந்திருந்தால் கேமராவுக்குப் பயப்படுகிறான். சைலன்சர் சத்தம் மாறியிருக்கும். அதை அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டைப் பெரியதாக மாற்றியிருந்தால், அது எடுத்த எடுப்பில் சீறிப் பாய்வதற்காகச் செய்த வேலை. பின்டயர் பக்கவாட்டில் புதிதாகவும் நடுவில் மட்டும் மொட்டையாகவும் தேய்ந்திருக்கிறதா, கிளட்ச் பிளேட் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றப்படுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட, ஓடும்போதும் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று கவனியுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கும் வீலிங், பின்சக்கரத்தைத் தூக்கும் ஸ்டாப்பி எல்லாம் பழகும் பசங்கள் ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறார்கள். திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஒரே பாதுகாப்பை, நீங்கள் காசு கொடுத்து வாங்கியதை, அவர்களே எடுத்துக் குப்பையில் போடுகிறார்கள்.

வண்டியைப் பார்த்தாகிவிட்டதென்றால் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன். முறையான டிராக் ரேஸ் நடப்பது கால் மைல், அதாவது 402 மீட்டர். ரேஸ் திடலில் உயிரைக் காப்பது அந்த 402 மீட்டர் அல்ல, அதற்கு அப்பால் வேகத்தைக் குறைத்து நிற்பதற்கென்றே விட்டிருக்கும் காலி ஓடுபாதை. 2008-ல் அமெரிக்காவில் நியூஜெர்சியின் இங்கிலீஷ்டவுன் திடலில் ஸ்காட் காலிட்டா என்ற தேர்ந்த கார் பந்தய வீரர் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு நிறுத்த முடியாமல் இறந்தார். அதன் பிறகு அதிவேகக் கார்களுக்குப் பந்தய தூரத்தையே 1,000 அடியாகக் குறைத்தார்கள். பாராசூட்டும் மணல் படுகையும் இருந்த திடலிலேயே நிற்க இடம் போதவில்லை. நம் வெளிவட்டச் சாலையில் பந்தயம் முடிகிற இடத்தில் என்ன இருக்கும்? மீடியன் இடைவெளியில் தவறான பக்கம் திரும்பும் மினி வேன். படுத்திருக்கும் மாடு. விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் டிப்பர் லாரி. ஈசிஆர் என்றால் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல்.

கணக்கு எளிது. மணிக்கு 120 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 33 மீட்டர். எதிரே ஏதோ தெரிகிறது என்று மூளைக்கு உறைத்து விரல் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி, 33 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக் எல்லாம் இருந்தாலும் அதற்குப் பிறகு நிற்க எழுபது எண்பது மீட்டர் வேண்டும். ஆக நூறு மீட்டருக்கு மேல். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் அவ்வளவு தூரம் தெளிவாகக் காட்டாது. ஆகவே, மாட்டைப் பார்க்கும்போதே நிற்க முடியாது என்பது முடிவாகிவிட்டது. பையனின் திறமைக்கு அங்கே வேலையே இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் நேராக அப்பா அம்மாவிடம்தான் வருகிறது. ரிசல்ட் வரும் மே மாதத்தில் நம் பையன்களில் பலருக்குப் பதினேழு வயதுதான். கியர் வண்டிக்கு லைசென்ஸ் பதினெட்டு நிரம்பிய பிறகே. பதினெட்டு ஆகாத பையன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான் சார்" என்று சொன்னால் போதாது. உங்கள் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

பதினெட்டு ஆகிவிட்டாலும் தப்பில்லை என்று ஆகிவிடாது. அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவில் முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம்; மறுமுறை ஓராண்டு, 10,000 ரூபாய் வரை போகும். சட்டம் அனுமதிக்காத விதத்தில் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை சிறை. அது ஆர்சி புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு. அதாவது, அப்பாவுக்கு. யாராவது இறந்துவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு வரும், 5 ஆண்டு வரை சிறை. போலீஸ் வேலைக்கோ அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகிற பையன் அந்த எஃப்ஐஆரை வருடக்கணக்கில் சுமந்துகொண்டு திரிவான்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்கிறீர்களா? பாலிசியை எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் பொருந்தாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். லைசென்ஸ் இல்லாத பையன் யாரையாவது மோதிவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. லட்சக்கணக்கில் வரும். வீட்டை விற்றுக் கட்ட வேண்டிவரும். ஓட்டியவனே போய்விட்டால்? தன்னுடைய கண்மூடித்தனமான ஓட்டத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்ற தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த வழக்கில் நஷ்டஈடு கேட்டு நின்றது மனைவி, மகன், பெற்றோர்.

சாவைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் முதுகுத்தண்டு. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசமாகத் தருகிறது. நல்ல திட்டம், பல உயிர்களைக் காப்பாற்றுகிறது. அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு? இடுப்புக்குக் கீழே உணர்வு போன பையனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் எலும்பு வரை போகும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து புரட்டுவது யார்? அம்மா. டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்கக் கற்றுக்கொள்வது யார்? அம்மா, இல்லாவிட்டால் தங்கை. அந்தத் தங்கையின் படிப்பு, கல்யாணம் எல்லாம் அந்தக் கட்டிலைச் சுற்றியே தீர்மானமாகும். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1954-ல் விபத்தில் கால்களின் உணர்வை இழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் தொடங்கியது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அங்கே மறுபடி வாழக் கற்றுக்கொடுக்கிறார்கள். ரேஸ் விடும் பையனைத் திட்டுவதற்குப் பதில், அங்கே பயிற்சி பெற்று வந்த ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசவிடுங்கள்.

"அப்ப எம் புள்ளைக்கு ரேஸே கூடாதா?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. வேகத்தின் மேல் உண்மையான ஆசை உள்ள பையன்கள் இருக்கிறார்கள், அதற்கு இடமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிறகு ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று திடல் கட்டியது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸுக்குத் தேசிய சாம்பியன்ஷிப்பே இருங்காட்டுக்கோட்டையில் நடக்கிறது. பெங்களூரு ஹேமந்த் முத்தப்பா போன்றவர்கள் பட்டம் வென்றது அங்கே. பைக் ரேஸ் வீரர் ஆர்.ஏ. அப்துல்லாவும் அவர் மகள் அலிஷா அப்துல்லாவும் போல, தலைமுறையாக ரேஸோடு வாழும் சென்னைக் குடும்பங்கள் உண்டு. இப்படிப்பட்ட வீடுகளில் ரேஸ் ஒரு ரகசியமல்ல. அப்பா ஸ்பேனரோடு நிற்பார், அம்மா சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார், தங்கச்சி நேரம் குறித்துவைப்பாள். முழுமுக ஹெல்மெட், தோல் சூட், முதுகுக் கவசம், இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ், வண்டிப் பரிசோதனை எல்லாம் முடிந்து, ஆம்புலன்ஸ் தயாராக நின்ற பிறகுதான் பச்சை விளக்கு.

அங்கேயும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 2023 ஆகஸ்டில் அதே இருங்காட்டுக்கோட்டைத் திடலில் தேசிய பைக் ரேஸில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுப் பையன் விழுந்து இறந்தான். அமெரிக்காவில் எல்மர் ட்ரெட் என்பவர் 'டாப் ஃப்யூல்' எனப்படும் அதிவேக மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸில் ஜாம்பவான். மனைவியும் மகளும் அவருடைய வண்டிக் குழுவில் வேலை செய்தார்கள்; குடும்பம் முழுக்க டிராக் ரேஸ்தான். 1996 செப்டம்பர் 1 அன்று இண்டியானாபொலிஸில் மணிக்கு 300 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் விழுந்து இறந்தார். அத்தனை அனுபவம், அத்தனை பாதுகாப்பு, கூடவே நின்ற குடும்பம் எல்லாம் இருந்தும் நடந்தது இது. இதில் எதுவுமே இல்லாத வெளிவட்டச் சாலையில், டி-ஷர்ட்டும் செருப்புமாக, டேங்க் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு போகிறானே உங்கள் பிள்ளை, அவனை நினைத்துத்தான் பதறுகிறது.

ஆகவே இந்த வாரமே சிலவற்றைச் செய்யுங்கள். ராத்திரி சாவி உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். கழற்றிய மட்கார்டு, கண்ணாடி, கம்பெனி சைலன்சர், ஏபிஎஸ் ஃபியூஸ் எல்லாவற்றையும் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் அவன் கையாலேயே மாட்டவையுங்கள். மெக்கானிக்கிடம் "எங்கிட்ட கேக்காம வண்டியில கை வெக்காதீங்க தம்பி" என்று நேரில் சொல்லுங்கள். அப்பா வந்து சொல்லிவிட்டுப் போன வண்டியைத் தொடப் பெரும்பாலான மெக்கானிக்குகள் தயங்குவார்கள். அவன் நண்பர்களின் பெற்றோருக்கும் போன் போடுங்கள், ஏனென்றால் ரேஸுக்குக் குறைந்தது இரண்டு வண்டி வேண்டும். அவனுடைய ரீல்ஸை உட்கார்ந்து பாருங்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த பிரபல யூடியூபருக்கு லைசென்ஸ் 10 ஆண்டுக்கு ரத்தானது. அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பசங்கள் இன்னும் ரோட்டில்தான் இருக்கிறார்கள்.

வீட்டில் பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் சித்தப்பாக்களுக்கும் பெரியப்பாக்களுக்கும் தனியாக ஒன்று. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை ரேஸ் பசங்கள் இன்றும் நல்ல விலை கொடுத்துத் தேடுகிறார்கள். வாங்க வருபவன், "ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்கண்ணே, பேர் நான் மாத்திக்கிறேன்" என்பான். மாற்ற மாட்டான். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டையும் நீங்களே கொண்டுபோய் ஆர்டிஓ ஆபீஸில் கொடுங்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பெயர் மாறிய பிறகு வண்டியை ஒப்படையுங்கள்.