ஒரு நாள் பூச்சியும் டிரவுட் மீனும்

தூண்டில் போடுவது நமக்குப் புதிதல்ல. முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை அமிழும் வரை குளக்கரையில் காத்திருப்போரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் புழுவும் தக்கையும் இல்லாத தூண்டில் ஒன்று உண்டு. இறகுத் துணுக்குகளையும் பட்டு நூலையும் ஒரு சிறிய முள்ளின்மேல் சுற்றிப் பூச்சியைப்போல் செய்வார்கள். அதை ஆற்று நீரில் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவார்கள். இதை ஈத்தூண்டில் என்று வைத்துக்கொள்வோம். எந்த வாரத்தில் எந்தப் பூச்சி நீரிலிருந்து வெளிவரும் என்று அறியாதவருக்கு இந்தத் தூண்டிலில் மீன் அகப்படுவது அரிது.

தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் டெஸ்ட் என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் கரையில் உள்ள ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் 1822-ஆம் ஆண்டு ஹவுட்டன் கிளப் என்ற மீன்பிடிப்போர் சங்கம் தொடங்கப்பட்டது. அது இன்றும் இருக்கிறது. உறுப்பினர்கள் மிகச் சிலரே. ஓர் ஆற்றின் நல்ல பகுதி ஒரு சிலரின் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியது என்பது நமக்கு விந்தையாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர்கள் செய்த ஒரு காரியத்தைப் பாராட்ட வேண்டும். பிடித்த மீன், அடித்த காற்று, பூச்சி வந்த நாள் என்று விடாமல் குறிப்பெழுதி வைத்தார்கள். 1822 முதல் 1908 வரையிலான அந்தக் குறிப்புகள் நூலாகவும் வெளிவந்துள்ளன.

டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நம் நீலகிரியிலும் அது உண்டு, எச். சி. வில்சன் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கச் செய்து ஓடைகளில் விட்டார். அது வானவில் டிரவுட். டெஸ்ட் ஆற்றின் சொந்த மீனோ பழுப்பு டிரவுட். இரண்டுக்கும் குளிர்ந்த நீர் வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 10° செ. வெப்பநிலையில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும், 25° செ.-இல் 8 மில்லிகிராம்தான். வெப்பம் ஏற ஏற மீனின் ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, நீரிலோ அது குறைகிறது.

டெஸ்ட் ஆறு கோடையிலும் அதிகம் சூடேறாது. காரணம், அதன் அடியில் உள்ள பாறை. அது சாக்கு எனப்படும் மென்மையான சுண்ணாம்புப் பாறை. (நம் வகுப்பறைச் சாக்குக் கட்டிக்கு இதன் பெயர்தான் வந்திருக்கிறது, இன்றைய கட்டிகள் பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனவை.) குளிர்காலத்து மழை இந்தப் பாறைக்குள் மெல்ல இறங்கி, தேங்கி, வடிகட்டப்பட்டு ஊற்றாக வெளிவருகிறது. ஜனவரியானாலும் ஜூலையானாலும் அந்த ஊற்று நீர் ஏறக்குறைய 10° செ. வெப்பநிலையில்தான் இருக்கும். கண்ணாடிபோல் தெளிந்த நீர். கரைந்த சுண்ணாம்பு மிகுந்ததால் நீர்ச்செடிகள் செழிக்கின்றன, அவற்றோடு பூச்சிகளும் பெருகுகின்றன.

இரண்டு முறை சிறகு

அந்தப் பூச்சிகளில் பெரியது எஃபிமெரா டானிக்கா. மே மாத மத்தியில் தொடங்கி ஜூன் முற்பகுதி வரை இது கூட்டங்கூட்டமாக வருவதால் ஆங்கிலேயர் மே ஈ என்றே அழைக்கிறார்கள். உண்மையில் இது ஈ இனமே அல்ல. ஈக்கு இரண்டு சிறகுகள், இதற்கு நான்கு.

இதன் வாழ்க்கையில் பெரும்பகுதி ஒருவர் கண்ணிலும் படாமல் கழிகிறது. இளம்பூச்சி ஆற்றடி வண்டலில் வளை தோண்டி, பொதுவாக இரண்டு ஆண்டுகள் அங்கேயே வாழும். பிறகு ஒரு நாள் நீர்மட்டத்துக்கு நீந்தி வந்து, தோலை உரித்துக்கொண்டு, மங்கிய நிறச் சிறகுகளோடு வெளிவரும். சிறகு உலர்ந்து பறக்க முடிகிற வரை அது நீரில் மிதந்தாக வேண்டும். டிரவுட்டுக்கு அந்தச் சில நொடிகள் போதும். தப்பியவை கரையோர மரங்களில் ஒதுங்கி இன்னொரு முறை தோலுரிக்கின்றன. சிறகு முளைத்த பிறகும் தோலுரிப்பது பூச்சிகளுள் இந்த வரிசைக்கு மட்டுமே உரிய பழக்கம். இப்போது சிறகு பளிங்குபோல் மின்னும். வாய் உறுப்புகள் வேலை செய்யாததால் உணவு கிடையாது. இணைசேர்ந்ததும் பெண் பூச்சி ஆயிரக்கணக்கான முட்டைகளை ஆற்றில் இட்டுவிட்டு நீர்மேல் விழுந்து இறக்கிறது. சிறகு முளைத்தபின் வாழ்வதெல்லாம் ஒரு நாள், மிஞ்சினால் சில நாட்கள்.

தொடக்க காலத்துச் சங்க உறுப்பினர்கள் உயிருள்ள மே ஈயையே முள்ளில் மாட்டினார்கள். நீண்ட கோல், இலேசான பட்டு இழை. காற்று அந்த இழையைத் தூக்கிச் சென்று பூச்சியை நீர்மேல் இறக்கும். காற்று இல்லாத நாளில் என்ன செய்வது? கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!

போலி ஈயும் கனமற்றது. அதைத் தனியே வீச முடியாது. எனவே எடையைக் கயிற்றுக்கே கொடுத்தார்கள். தலைக்குமேல் முன்னும் பின்னும் சுழற்றினால், நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் கயிறு சாட்டையைப்போல் விரிந்து, ஈயை ஓசையில்லாமல் நீரில் இறக்கும்.

மீனின் ஜன்னல்

அந்த ஈ மீனுக்கு எப்படித் தெரியும்? ஒளிவிலகல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, மாறுநிலைக் கோணம் சுமார் 48.6°. ஆகவே மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். அரை மீட்டர் ஆழத்தில் உள்ள மீனுக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு சுமார் 113 செ.மீ. (ஆரம் = ஆழம் × டான் 48.6°, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.) வட்டத்துக்கு வெளியே நீர்மட்டம் வெறும் கண்ணாடி. முழு அக எதிரொளிப்பால் ஆற்றின் அடிப்பரப்பே அதில் தெரியும்.

மிதந்து வரும் பூச்சி முதலில் அந்தக் கண்ணாடிப் பகுதியில்தான் இருக்கும். அப்போது அதன் உடல் மீனுக்குத் தெரியாது. ஆனால் அதன் கால்கள் நீரின் பரப்பு இழுவிசைப் படலத்தை அழுத்தும் இடங்களில் சிறு குழிகள் விழும். அவை ஒளிப்புள்ளிகளாக மின்னும். மீன் எச்சரிக்கையாகிறது. வட்டத்தின் விளிம்பை நெருங்கும்போது முதலில் சிறகு நுனிகளும் பிறகு உடலும் தோன்றும். ஜான் காடர்ட், பிரையன் கிளார்க் என்ற இருவர் நீருக்கடியிலிருந்து எடுத்த படங்களோடு இதை 1980-இல் ஒரு நூலில் விளக்கினர். தூண்டிற்காரர் குனிந்து நடப்பதற்கும் இதுவே விளக்கம். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக வரும் ஒளி வட்டத்தின் விளிம்பில் நசுங்கிவிடுவதால், குனிந்து வரும் மனிதன் மீனுக்குச் சரியாகத் தெரிவதில்லை.

மிதக்கும் ஈயே முறையானது என்று 1880-களில் நூல்கள் எழுதி நிலைநாட்டியவர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட். வழக்கறிஞரான ஸ்கூஸ் இதை ஏற்கவில்லை. பிடித்த மீன்களின் வயிற்றில் இருப்பதை ஒரு நீண்ட கரண்டியால் எடுத்து ஆராய்ந்தார். மீன் நீருக்கடியில் இளம்பூச்சிகளையும் ஏராளமாகத் தின்கிறது என்று 1910-இல் நூல் எழுதினார். 1938-இலும் லண்டனில் இதுபற்றிக் கூட்டம் கூட்டி வாதிட்டார்கள். மீன் வயிற்றைப் பார்த்தவர் பக்கமே உண்மை இருந்தது என்பது என் கருத்து.

மிதக்கும் பலகை

இந்த வாதங்களைவிடப் பெரிய வேலையைச் செய்தவர் ஆற்றுக் காவலர் வில்லியம் லன். 1887-இல் ஹவுட்டன் கிளப்பில் பணியேற்ற அவர், மீன் வளர்த்தால் மட்டும் போதாது, பூச்சியையும் வளர்க்க வேண்டும் என்று கண்டார். பேட்டிஸ் என்னும் சிறு இனங்களின் பெண் பூச்சி நீருக்குள் இறங்கி, கல், மரம் இவற்றின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். ஆற்றடியில் ஊர்ந்து திரியும் வேறு புழுக்கள் அவற்றைத் தின்றுவிடும். லன் பலகைகளை ஆற்றடியைத் தொடாமல் மிதக்கவிட்டார். பூச்சிகள் பலகையின் அடியில் முட்டையிட்டன. புழுக்களுக்கு ஏறிவர வழியில்லை. பூச்சி குறைந்த பகுதிக்கு முட்டையோடு பலகையையே கொண்டுபோகவும் முடிந்தது.

நீரில் நேரடியாக முட்டையிடும் இனங்களுக்குப் பலகை உதவாது. நீலச்சிறகு ஆலிவ் எனப்படும் பூச்சி அத்தகையது. கோடையில் இட்ட முட்டைகள் குளிர்காலம் முழுவதும் ஆற்றடியில் கிடந்து பிறகே பொரிக்கும். அதற்குள் வயல் மண்ணும், உரத்திலிருந்தும் கழிவு நீரிலிருந்தும் வரும் பாஸ்பேட்டும் அவற்றின்மேல் படிகின்றன. லிட்டருக்கு 25 மில்லிகிராம் நுண்வண்டலும் 0.07 மில்லிகிராம் பாஸ்பேட்டும் சேர்ந்தால் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு முட்டைகள் அழிகின்றன என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. பார்வைக்குத் தெளிவாகவே தோன்றும் நீர் அது! மே ஈக்கு வீடாக அமையும் வண்டலே அதன் உறவுப் பூச்சிக்குக் குழியாகிறது.

இலையுதிர் காலத்தில் தூண்டில்கள் உள்ளே போய்விடும். நவம்பர் முதல் ஜனவரி வரை டிரவுட்டின் இனப்பெருக்க காலம். பெண் மீன் வாலால் கூழாங்கல்லை விலக்கிப் பள்ளம் செய்து முட்டையிட்டு மூடும். முட்டைக்கு ஆக்ஸிஜன் கல் இடுக்கில் ஓடும் நீரிலிருந்துதான் கிடைக்க வேண்டும். வண்டல் இடுக்கை அடைத்தால் அதற்கும் மூச்சுத் திணறும். இல்லாவிட்டால் 10° செ.-இல் சுமார் 40 நாளில் குஞ்சு பொரிக்கும். வயிற்றில் ஒட்டியுள்ள மஞ்சள் கருப் பை தீரும் வரை கல்லுக்கடியில் கிடந்து, பிறகு மேலே நீந்தி வந்து, சிறிய இளம்பூச்சிகளைத் தேடித் தின்னத் தொடங்கும்.