கேட்கத் தெரிந்தால் ஆள் கிடைப்பார்

நேர்முகத் தேர்வில் தோற்பது பல நேரங்களில் விண்ணப்பதாரர் அல்ல, கேள்விதான்

இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்கு அருகே, ஏலத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் ஆனைக்கரை. மலையை விட்டு இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கிருந்து ஜீப்புகளில் ஏறி வரும் தமிழ்த் தொழிலாளர்களை நம்பித்தான் இந்தப் பகுதித் தோட்டங்கள் பலவும் இயங்குகின்றன.

இப்படி ஒரு தோட்டத்துக்கு சூப்பர்வைசர் தேவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் பட்டதாரி, மலையாளத்தில் சரளமாகப் பேசுகிறார். இன்னொருவர் காய் பறித்தே வளர்ந்தவர். தமிழில் நன்றாகப் பேசுவார், மலையாளம் தடுமாறும். "எந்த ஊரு? யாரு பையன்? உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று பேச்சு தொடங்கினால் வேலை யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. பேச்சுத் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண், வேலைத் திறமையின் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். "காய் பறிக்கிற பருவம் வந்தாச்சுன்னு எதை வச்சுச் சொல்வீங்க?" தோல் பச்சையாக இருக்கும்போதே விதை கறுத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். "மழைக்காலத்துல அழுகல் நோய் வந்தப்போ நீங்க என்ன செஞ்சீங்க?" "எடை போடுறப்போ தகராறு வந்திருக்கா? எப்படித் தீர்த்தீங்க?" இந்தக் கேள்விகளுக்கு மனப்பாடம் செய்த பதில் உதவாது. வேலையும் தமிழ்த் தொழிலாளர்களோடு என்பதால், தேர்வும் தமிழில் நடப்பதே நியாயம்.

ஆராய்ச்சிகளும் இதையே சொல்கின்றன. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் போடும் முறை, மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட நன்றாகக் கணிக்கிறது என்று 1998இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் தொகுத்துக் காட்டினார்கள். 2022இல் சாக்கெட் குழுவினர் கணக்கை மறுபடி போட்டபோது, ஆள் தேர்வு முறைகளில் இதுவே முதலிடம் பிடித்தது.

இந்திய நீதிமன்றமும் இந்த விஷயத்தைத் தொட்டிருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில், மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு நேர்முகத் தேர்வுக்கு இருந்தது. ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான் பேச்சு. அதிலும் பெற்றோர் யார், ஊர் எது என்பது போன்ற கேள்விகளே கேட்கப்பட்டதாக மாணவர்கள் முறையிட்டார்கள். 1980 நவம்பரில் அஜய் ஹாசியா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே கைவிட்டது.

தனியார் முதலாளி அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஐந்தாறு கேள்விகளை முதல் நாளே எழுதி வைத்தால் போதும். "கஷ்டப்பட்டு உழைப்பீங்களா?" என்று கேட்டால் "ஆமாம்" தவிர வேறு பதில் வராது. "கடைசியாக எப்போது, எங்கே, எப்படி?" என்று கேட்க வேண்டும். "நாங்கள் செய்தோம்" என்று பதில் வந்தால், "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று தொடர வேண்டும். அடுத்தவர் உள்ளே வருமுன் மதிப்பெண்ணைக் குறித்துவிட வேண்டும். நினைவை நம்பினால் கடைசியாக வந்தவரே பெரிதாகத் தெரிவார்.

இளங்காயைப் பறித்தால் உலர்ந்த பிறகு சுருங்கிப்போகும், விலையும் சுருங்கும். தவறான ஆளை எடுத்த முதலாளிக்கு ஒரு பருவ நஷ்டம். தவறான கேள்வியால் திருப்பி அனுப்பப்பட்டவருக்கோ, கங்காணிக்குக் கீழேயே கழிந்த தலைமுறையிலிருந்து ஒரு படி ஏறும் வாய்ப்பே போய்விடுகிறது.