வரைபடத்தில் விடுபட்ட குப்பங்கள்

ஓரிடத்தில் வாழும் மக்களே தங்கள் தெருவையும் தொழிலிடத்தையும் அளந்து வரைந்துகொள்ளும் படமே சமூக வரைபடம். நிலத்தின் மதிப்பு ஏறி, பழைய குடிகள் வெளியேற்றப்படும் ஊர்களில் இதற்குத் தேவை வருகிறது. நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதி வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. 2009-இல் அங்குள்ள இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியுடன் நடந்து அதை நிரப்பத் தொடங்கினார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 2013-இல் உருவான ஒரு குழு, வாடகைதாரர் வெளியேற்றங்களையே வீடு வீடாகப் படத்தில் குறித்தது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு முக்கியக் களம் கடற்கரை.

மீனவக் குப்பத்தில் பட்டா இருந்தால் வீட்டு மனைக்கு இருக்கும், அதுவும் எல்லோருக்கும் இல்லை. படகை ஏற்றி நிறுத்தும் மணல், வலையைக் காயவைத்துப் பழுது பார்க்கும் திடல், கருவாடு உலர்த்தும் களம் எல்லாம் ஊர்ப் பொது. வருவாய்த் துறைக் கணக்கில் அவை பெரும்பாலும் புறம்போக்கு. காலையில் வலையும் மீனும் பரவிக் கிடக்கும் அந்த மணல், பிற்பகலில் பார்ப்பவருக்குச் சும்மா கிடக்கும் நிலமாகத் தெரியும். சாலைத் திட்டமும் பூங்காத் திட்டமும் முதலில் தேடி வருவது அங்கேதான்.

சென்னை கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோர உயர்மட்டச் சாலை போடும் யோசனை 2010 வாக்கில் எழுந்து, மீனவர் எதிர்ப்பைச் சந்தித்தது. பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்தில் மீனவர்களே தங்கள் பொது இடங்களைக் கருவி கொண்டு குறிக்கும் முயற்சி பின்னர் வளர்ந்தது. வரையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் நொச்சிக்குப்பமே சாட்சி. அங்கே கடற்கரையை ஊடறுத்துப் போட்ட லூப் சாலையில் மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை பேச்சு போனது. சாலைதான் எங்கள் இடத்துக்குள் வந்தது என்றார்கள் மீனவர்கள். 2024-இல் அந்தக் கடைகளுக்காகப் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது.

இந்த வாதத்துக்குச் சட்டத்தில் பிடி உண்டு. 2011 ஜனவரி 6-ஆம் தேதியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் படத்தில் குறிக்க வேண்டும் என்றது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் கேட்டது. சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. 1:25,000 படத்தில் 60 மீட்டர் அகல வலைத்திடல் வெறும் 2.4 மில்லிமீட்டர். சுமார் 1:4,000 அளவிலான கிராம வரைபடத்தில் அதுவே ஒன்றரை சென்டிமீட்டர். புல எண்ணோடு சேர்த்துக் காட்டலாம். 2011 அறிவிக்கைக்குப் பதிலாக வந்த 2019 அறிவிக்கைக்கான வரைவுப் படங்கள் 2023-இல் வெளியானபோது, குப்பங்களும் மீன்பிடி இடங்களும் சரிவரக் குறிக்கப்படவில்லை என்று கடலோர மாவட்டங்களில் எதிர்ப்பு எழுந்தது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போனது.

வரையும் முறை எளிது, நேரம்தான் பிடிக்கும். கிராம வரைபடமும் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேடும் வாங்கி, பெரியவர்களுடன் கரையை நடந்து, ஒவ்வோர் இடத்தின் பெயரையும் பயனையும் குறிக்க வேண்டும். கருவாடு காயவைக்கும் பெண்களை விட்டுவிட்டு வரைந்த படம் பாதிப் படம். கரைவலை இழுக்கும் இடம் பருவத்துக்குப் பருவம் நகரும். ஆகவே ஒரே மாதத்தில் அளந்து முடிப்பதில் பொருளில்லை. கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் விரித்துவைத்துத் திருத்த வேண்டும். பக்கத்துக் குப்பத்துடன் எல்லைத் தகராறு வெளிப்படுவதும் அங்கேதான். கோடு போடாதவரை இரு ஊரும் அனுசரித்துப் போன மணலில், கோடு போட்டதும் சண்டை வரலாம்.

 சென்னைக்கு வெளியே, விழுப்புரம் மாவட்டத்தில் கடல் இருப்பது மரக்காணம், வானூர் வட்டங்களில். எக்கியார்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களுக்கு ஒருபுறம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளும் மனைப்பிரிவுகளும், மறுபுறம் கடல். பொம்மையார்பாளையத்தில் அலை கரையை அரித்துக்கொண்டே வருவதால், படகுக்கான மணல் இருபக்கமும் குறைகிறது. இங்கே படம் வரைவோர் இன்றைய கரையுடன் பழைய கரையையும் காட்டியாக வேண்டும். கரை போனதால் உரிமையும் போய்விட்டது என்று பின்னால் யாரும் சொல்ல இடம்கொடுக்கக் கூடாது.

அரசின் வரைவுப் படம் வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தரப்படுகிறது. மாவட்ட அளவில் கருத்துக்கேட்பும் உண்டு. ஊர் வரைந்த படத்தைப் புல எண், ஒளிப்படம், பஞ்சாயத்துத் தீர்மானம் ஆகியவற்றுடன் அப்போது இணைத்துக் கொடுக்கலாம். 2011 அறிவிக்கை சொன்னபடி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூவர் இருக்க வேண்டும்.