யூனிட்டியும் யூனியனும்

ஆங்கிலத்தில் யூனிட்டி, யூனியன் என வழங்கும் சொற்கள் இரண்டு உள. ஒன்று என்னும் எண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இவ்விரண்டிற்கும் மூலமாகும். ஆதலின், இவற்றை ஒருபொருட் சொற்களாகக் கொண்டு, ஒன்று நிற்றற்குரிய இடத்தில் மற்றொன்றை நிறுத்துவார் பலர். உலகியற் பேச்சில் இதனால் விளையும் கேடு சிறிதே. சைவ சித்தாந்தப் பொருளை அம்மொழியில் எழுதுமிடத்தோ, இம்மயக்கம் சித்தாந்தத்தையே பிறிதொரு மதமாக மாற்றிவிடும். அஃது எவ்வாறென்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நூல்கள் ஆங்கிலத்திற் சென்றது அண்மையில் நிகழ்ந்ததன்று. ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்பவற்றின் மொழிபெயர்ப்பை 1854ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அவர்கள் 1895ஆம் ஆண்டில் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளிப்படுத்தினார்கள். இன்று நம்மவரின் மக்களுட் பலர் கடல்கடந்த நாடுகளிற் பிறந்து, தமிழைப் பேச்சளவிற் கற்று, சமயத்தை ஆங்கிலத்திலேயே முதன்முதற் படிக்கின்றனர். அவர்க்கு மூலநூல் பின்னர்க் கிட்டினுங் கிட்டும், கிட்டாதொழியினும் ஒழியும். மொழிபெயர்ப்பாளன் இட்ட சொல்லே அவர்க்குச் சித்தாந்தமாய் நிற்கும். ஆகவே இது சொல்லாராய்ச்சி மாத்திரமன்று; பிள்ளைகள் எதனைச் சைவமென்று கற்கப்போகின்றனர் என்னும் ஆராய்ச்சியுமாம்.

முதற்கண் இச்சொற்களின் இயல்பை நோக்குவோம். யூனிட்டி என்பது ஒரு நிலையைக் குறிப்பது. ஒன்றாய் இருக்குந் தன்மை, அதாவது ஒருமை, என்பது அதன் முதற்பொருள். பலர் மனமொத்து வாழ்தலாகிய ஒற்றுமையையும் அச்சொல் குறிக்கும். அஃது அதன் வழிப்பட்ட பொருள். யூனியன் என்பதோ கூடுதலாகிய தொழிலையும், அத்தொழிலால் விளைந்த கூட்டத்தையும் குறிப்பது. கூடுதற்கு இரண்டேனும் வேண்டும். தனித்த ஒரு பொருளுக்கு யூனிட்டி உண்டு, யூனியன் இல்லை. மணமகனும் மணமகளும் கூடிய கூட்டத்தை ஆங்கிலேயர் யூனியன் என்பர். அவ்விருவரும் மணத்தினால் ஓராளாய்விட்டனர் என்று எவருங் கருதார். தொழிலாளர் சங்கத்திற்கும் யூனியன் என்றே பெயர். அங்கே உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரோடு இருந்தே சங்கமாகின்றனர்.

சரித்திரத்தினின்றும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 1603ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அரசனாகிய ஆறாம் ஜேம்ஸ் என்பவனே இங்கிலாந்திற்கும் முதலாம் ஜேம்ஸ் என்னும் பெயரால் அரசனாயினான். முடி இரண்டும் ஒருவன் தலையில் ஏறின. நாடுகள் இரண்டாகவே இருந்தன. இதனை முடிகளின் யூனியன் என்று சரித்திர நூலோர் கூறுவர். பின்னர் 1707ஆம் ஆண்டில் இரண்டு நாடுகளும் ஒரே இராச்சியமாகி, ஒரே பாராளுமன்றத்தின்கீழ் வந்தன. அப்பொழுதும் ஸ்காட்லாந்தின் சட்டமுறையும் திருச்சபையும் வேறாகவே நிலைபெற்றன. 1999ஆம் ஆண்டில் அந்நாட்டிற்குத் தனிப் பாராளுமன்றமும் மீண்டும் அமைந்தது. யூனியன் என்னும் சொல் எத்துணை நெருங்கிய கூட்டத்தைக் குறித்தாலும், கூடியவற்றின் இருப்பை அழித்தல் இல்லை என்பது இதனால் விளங்கும்.

சமயத்துறையிலும் மேலைநாட்டார் இவ்வேறுபாட்டைப் பேணிவந்தனர். 451ஆம் ஆண்டிற் சால்சிடோன் நகரிற் கூடிய கிறித்தவ மகாசபை, கிறித்துவினிடத்தே தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் குழம்பாமலும் மாறாமலும் பிளவுபடாமலும் பிரியாமலும் உள்ளன என்று முடிவு செய்தது. அவ்விரு தன்மைகளின் சேர்க்கையை ஆங்கிலத்தில் எழுதுவோர் யூனியன் என்பர்; கடவுள் ஒருவரே என்பதைச் சொல்லுமிடத்து யூனிட்டி என்பர். அவர் கொள்கை நமக்கு உடன்பாடன்று. அதனை ஆராய்தலும் ஈண்டு நம் கருத்தன்று. தம் சமயத்தின் உயிர்நிலையான இடத்தில் அவர் சொற்களை எவ்வளவு காவலோடு ஆண்டனர் என்பதே நாம் அறியவேண்டுவது.

இனி நம் சித்தாந்தத்திற்கு வருவோம். பதி ஒன்று, பசுக்கள் பல, பாசமும் அநாதியே உள்ளது. பதி ஒன்றே என்னும் உண்மையை ஆங்கிலத்திற் கூறுங்கால் யூனிட்டி என்பது மிகப் பொருந்தும். அங்கே இரண்டாவது ஒன்றற்கு இடமில்லை. ஆனால் பதிக்கும் பசுவுக்கும் உள்ள சம்பந்தமாகிய அத்துவிதத்தை அச்சொல்லால் வழங்குதல் பொருந்துமா என்பதே வினா.

சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரத்தில், அத்துவிதம் என்னும் சொல்லுக்கு ஒன்று என்பது பொருளன்று என மெய்கண்டதேவர் காட்டுவர். ஒன்று என்பதே அதன் பொருளாயின், அவ்வாறு ஒன்றென்று எண்ணுதற்கு ஒருவன் வேறாய் வேண்டப்படுவன். அங்ஙனம் எண்ணுவான் உளனாகவே, ஒன்று என்னும் கூற்று நில்லாதொழியும். ஆகவே அச்சொல் இருபொருள்கள் வேறாய்ப் பிரிந்து நில்லாமையையே உணர்த்தும். இரண்டு இல்லை என்பது வேறு. இரண்டு அல்ல என்பது வேறு. முன்னையது பொருளின் இன்மையைக் கூறும். பின்னையது பொருள்கள் உளவாகவும், அவை இரண்டாய்ப் பிரிந்து நில்லாத தன்மையைக் கூறும். ஏகான்மவாதிகள் முன்னைய பொருளைக் கொண்டனர். அவர்தங் கொள்கைக்கு யூனிட்டி என்னும் சொல் ஏற்புடையதே. சித்தாந்தியோ பின்னையதைக் கொண்டவன்.

உமாபதி சிவாசாரியார் சிவப்பிரகாசத்தில் இவ்வேறுபாட்டை உவமைகளால் வரையறுத்தனர். பொன்னும் பணியும் போன்ற அபேதம், இருளும் வெளியும் போன்ற பேதம், சொல்லும் பொருளும் போன்ற பேதாபேதம் ஆகிய மூன்றையும் விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், அறிவும் ஒளியும் போன்ற பிரிவற்ற சம்பந்தத்தை அவர் நாட்டினர். பொன்னே பணியாயிற்று என்பது யூனிட்டி. அதனை ஆசிரியர் விலக்கினர். ஆயின் இருளும் வெளியும்போலத் தம்முள் முரணிய இரண்டாகவும் அவர் விட்டாரல்லர். கலப்பினால் ஒன்றாயும், பொருள் தன்மையால் வேறாயும், உயிர்க்குயிராய் நின்று அறிவிக்கும் முறைமையால் உடனாயும் இறைவன் நிற்கின்றான். இம்மூன்றையும் ஒருங்கே தாங்குதல் யூனிட்டியால் இயலாது.

முத்தி நிலையிலும் இதுவே முறை. பத்தாஞ் சூத்திரம், உயிர் இறைவனோடு ஏகனாதலையும், அவ்வாறு ஆகி அவன் பணியில் வழுவாது நிற்றலையும் ஒருங்கே விதிக்கின்றது. ஏகனாதல் என்பதற்கு எண்ணால் ஒன்றாய்விடுதல் என்று பொருள் கொண்டால், பணிசெய்வான் யார்? பணிகொள்வான் யார்? பணி என்னும் ஒரு சொல்லே யூனிட்டி என்னும் பொருளைத் தடுத்து நிற்கின்றது. பேரின்பத்தைத் தருவானும் அதனை நுகர்வானும் ஒருவனேயாயின், இன்பம் என்பதும் வறிய சொல்லாய் முடியும்.

இதனைத் தமிழிலக்கணங்கொண்டே விளக்கும் ஓர் உவமை திருவருட்பயனில் இன்புறு நிலை என்னும் அதிகாரத்தில் உளது. தாள் என்னும் சொல்லும் தலை என்னும் சொல்லும் புணர்ந்தால் தாடலை என்றாகும். நிலைமொழியின் ளகரம் கெட்டது. வருமொழியின் தகரம் டகரமாய்த் திரிந்தது. செவிக்கு ஒரே சொல்லாய் ஒலிக்கின்றது. எங்கே தாள் முடிந்தது, எங்கே தலை தொடங்கிற்று என்று பிரித்துக் காட்ட ஓசையில் இடமில்லை. ஆயினும் தாளும் கெடவில்லை, தலையும் கெடவில்லை. இறைவன் திருவடியும் உயிராகிய தலையும் கூடிய கூட்டம் இத்தகையது. யூனியன் என்பதன் நிறைந்த பொருளை ஒரு சொல்லுக்குள் அடக்கிக் காட்டும் உவமை இதனினுஞ் சிறந்தது யாதுளது?

அற்றாயின், யூனியன் என்னும் சொல் குற்றமற்றதோ எனின், அதற்கும் குறையுண்டு. கூட்டம் என்றவுடன், முன்னர்ப் பிரிந்திருந்தவை ஒரு காலத்திற் கூடின என்னும் எண்ணம் எழும். கூடியவை மீளவும் பிரியலாம் என்னும் ஐயமும் உடன் எழும். 1603, 1707 என்று ஆண்டு குறிக்கத்தக்கவை அரசுகளின் கூட்டங்கள். சிவத்தோடு உயிர் கூடிய ஆண்டு யாது? அஃது அநாதி. உயிர் இறைவனை விட்டு நீங்கியிருந்த காலம் ஒன்றில்லை. கண்ணிற் படலம் மூடியவழிக் கதிரவன் ஒளி கண்ணைச் சூழ்ந்தே இருப்பவும் கண் அதனைக் காணாது. படலம் நீங்கியவழிக் காணும். வந்து சேர்ந்தது ஒளியன்று, நீங்கியது படலமே. அவ்வாறே ஆணவமலத்தின் மறைப்பால் உணரப்படாதிருந்த கலப்பு, மலசத்தி அடங்கியவழி உணரப்பட்டு இன்பமாய் விளைகின்றது. ஆதலின் முத்தியில் யூனியன் புதிதாய் நிகழ்வது போலக் கூறப்படினும், அப்புதுமை உயிரின் அறிவின்பாலதேயன்றிச் சிவத்தின்பாலதன்று.

இவற்றை உட்கொண்டு எழுதுவோர் மூன்று முறைகளைக் கைக்கொள்ளலாம். இறைவன் ஒருவனே என்னுமிடத்து யூனிட்டி என்க. இறைவனுக்கும் உயிர்க்கும் என்றும் உள்ள அத்துவித சம்பந்தத்தைக் கூறுமிடத்து, யூனியன் என்பதனோடு பிரிக்கலாகாதது, தொடக்கமற்றது என்னும் அடைகளையும் சேர்த்தெழுதுக. முத்தியைக் கூறுமிடத்து யூனியன் என்று எழுதி, மறைப்பு நீங்கிய அனுபவமே அஃது என விளக்குக. ஐக்கியம், ஏகம், இரண்டறக் கலத்தல் என்பன நம் நூல்களில் வருமிடந்தோறும் அகராதியைத் திறந்து யூனிட்டி என்று பெயர்த்துவிடாமல், இடம் நோக்கிப் பொருள் கொள்ளுக. தமிழிலும் ஒன்று என்பது எண்ணுப்பெயராய் வரும். ஒன்றுதல் என்னும் தொழிலின் பகுதியாயும் வரும். எண்ணுப்பெயராகிய ஒன்று யூனிட்டிக்கு உரியது. ஒன்றுதலாகிய தொழில் யூனியனுக்கு உரியது. இதனை அறிந்தவன் ஆங்கிலத்திற் பிழைபடான்.

சொல்லில் என்ன இருக்கின்றது, அனுபவமன்றோ பெரிது என்பாரும் உளர். அனுபவமே பெரிது என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆயினும் அனுபவத்திற்குச் செல்லும் வழியைச் சொல்லே காட்டுகின்றது. யூனிட்டியே முடிவு என்று கற்ற பிள்ளைக்குக் கோயில் வழிபாடு, வழியில் உதறிச் செல்லும் ஊன்றுகோலாகத் தோன்றும். முடிவில் வணங்குவானும் இல்லை, வணங்கப்படுவானும் இல்லை என்று அவன் எண்ணுவன். யூனியன் என்று உள்ளவாறு கற்ற பிள்ளைக்கோ, இன்று சந்நிதியிற் குவித்த கையே முத்தியினும் குவிந்த கையாம். இன்று தாழ்ந்த தலையே தாடலையில் தாளோடு கூடிய தலையாம். ஒரு சொல்லை இடமறிந்து ஆளுதலால் இத்துணைப் பயன் விளையுமாயின், அவ்வுழைப்பும் சிவத்தொண்டே என்க.

திருச்சிற்றம்பலம்.