உஷார்! தை மாதக் கிரகப்பிரவேசமும் ஈரம் காயாத மரத்தரையும்

தை மாதம் கிரகப்பிரவேசம் என்று நாள் குறித்துவிட்டால், சென்னையில் புது ஃப்ளாட்டின் கடைசிக்கட்ட வேலை எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வந்து நிற்கும். பெயின்டர் ஒரு பக்கம், எலெக்ட்ரீஷியன் ஒரு பக்கம். ஃபால்ஸ் சீலிங் முடிந்தது, மாடுலர் கிச்சன் வந்துவிட்டது, படுக்கையறைக்கு வுடன் ஃப்ளோரிங் மட்டும் பாக்கி. ‘மூணு நாள் வேலை சார், பசை தடவி ஒட்டிக் கொடுத்துட்டுப் போயிட்டே இருப்போம்’ என்கிறார் கடைக்காரர். வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. அறைக்குள் போன மாதம் போட்ட சிமென்ட் தரை, மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நிறுத்துங்கள். புது சிமென்ட், மழைக்காலம், பசை போட்டு ஒட்டும் மரம் ஆகிய மூன்றும் ஒரே அறையில் சந்தித்தால், பங்குனி சித்திரைக்குள் தரை தன் வேலையைக் காட்டிவிடும். எங்கேயாவது பலகையின் ஓரங்கள் உயர்ந்து நடு குழியும். எங்கேயாவது இரண்டு பலகைகள் முட்டிக்கொண்டு கூடாரம் போல எழும்பும். இல்லையென்றால் இடைவெளி விட்டுப் பல்லைக் காட்டும். மெல்லிய ஃபோம் விரிப்பின் மேல் கொக்கி போட்டு மிதக்கவிடும் லாமினேட்டாக இருந்தால் கழற்றி அடுக்கிவிடலாம். பசை போட்டு ஒட்டிய மரப்பலகைத் தரையை, அதாவது பார்க்கேயைக் கழற்ற முடியாது. உளி போட்டுப் பெயர்த்தால் மரம் துண்டு துண்டாக வரும், அதோடு சிமென்டும் சேர்ந்து வரும். பிறகு தரையை அரைக்க வேண்டும், மறுபடி சமன்படுத்த வேண்டும். முதல் செலவைவிட இரண்டாவது செலவு அதிகம்.

கடையில் எல்லோரும் மரத்தைக் காட்டுவார்கள். ஓக்கா, தேக்கா, வால்நட்டா, மேட்டா, கிளாஸா என்று ஒரு மணி நேரம் ஓடும். அடியில் இருக்கும் சிமென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அங்கேதான் வினை இருக்கிறது. பிரான்ஸில் வெர்சாய் அரண்மனையில் 1684-இல் பளிங்குத் தரையை எடுத்துவிட்டுப் பார்க்கே போட்டதற்குக் காரணமே, பளிங்கைக் கழுவிக் கழுவி அடியிலிருந்த மர உத்தரங்கள் உளுத்துப்போனதுதான். அந்தக் காலத்து மரத்தரைக்கு அடியில் உத்தரமும் காற்றும் இருந்தன. நம் ஃப்ளாட்டில் மரத்துக்கு அடியில் மூச்சு விட இடமில்லை. காங்கிரீட்டில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகி மேலே வந்தால் நேராக மரத்துக்குள்தான் போகும்.

நல்ல காற்றோட்டம் இருந்தால் சிமென்ட் கலவை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கனம் காயும் என்று கட்டுமானத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. 50 மி.மீ. வரைதான் அது செல்லும். அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு நாள் வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது இரண்டு அங்குல லெவலிங் கலவைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். கலவை உறுதியாக மேஸ்திரி தண்ணீர் கட்டி வைத்தாரே, அந்த நாட்கள் இதில் சேராது. அதற்குப் பிறகுதான் கணக்கே தொடங்குகிறது. ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டாத வீட்டில் சாரல் அடிக்கும் நாட்களும் சேராது. ஐப்பசியில் போட்ட தரை மார்கழியில் காய்ந்திருக்கும் என்று யாராவது சொன்னால், எதை வைத்து அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

அளக்க வழி இருக்கிறது. தரையில் ஒரு பாலிதீன் தாளை ஒட்டி, மறுநாள் அடியில் வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பது பலருக்குத் தெரிந்த வழி. இதில் ஒரு பொறி உண்டு. வியர்த்திருந்தால் தரை ஈரம் என்பது நிச்சயம். வியர்க்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அடியாழத்து ஈரம் மேலே வர இன்னும் நாள் எடுக்கலாம். நம்பத்தகுந்தது, தரையில் துளை போட்டு அதன் ஆழத்தில் ஈரப்பதக் கருவியைப் பொருத்தி அளப்பது. பிரிட்டனில் மரம் ஒட்ட, கருவி காட்டும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஜெர்மனியில் தரையைக் கொஞ்சம் கொத்தி எடுத்துப் பொடித்து, மூடிய குப்பியில் கால்சியம் கார்பைடோடு குலுக்குகிறார்கள். ஈரம் இருக்கும் அளவுக்கு வாயு கிளம்பும், மேலே இருக்கும் அழுத்தமானி எவ்வளவு என்று சொல்லிவிடும். இந்த முறையில் சாதாரண சிமென்ட் தரைக்கு எடையில் 2 சதவீதம்தான் எல்லை. (ஆமாம், மாம்பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று நம் ஊரில் தடை போட்ட அதே கார்பைடுதான். இங்கே அது உருப்படியான வேலை செய்கிறது.) எந்த முறையானாலும் சரி, அளவு என்ன, எந்தத் தேதியில், அறையில் எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி வாங்குங்கள். தரை எழும்பினால் வாரன்டி அட்டை முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

சரி, தரை காய்ந்துவிட்டது. மரம் எந்த நிலையில் இருக்கிறது? வெட்டி, அறுத்து, சூளையில் உலர்த்தி, வார்னிஷ் அடித்த பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், காற்று உலர்ந்தால் திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் மழை நாட்களில் திறந்து கிடக்கும் மரம் போகப்போக 16 சதவீதம் அளவுக்கு ஈரம் ஏற்றிக்கொள்ளும். ஏ.சி. ஓடி ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கினால், மரமும் 9 சதவீதத்துக்கு இறங்கும். ஐரோப்பியத் தரப்படி பல அடுக்குப் பார்க்கே 5 முதல் 9 சதவீத ஈரத்தோடு பெட்டியில் அடைக்கப்படுகிறது. அவர்கள் வீட்டுக்கு அது சரி. அதைக் கடலோர ஊரில் பிரித்து வைத்தால் குடிக்கத்தான் செய்யும்.

குடித்தால் நீளத்தில் வளராது, அகலத்தில் விரியும். முழு ஓக் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறினால், 3 மீட்டர் அகல அறையில் அந்தப் பலகைகள் மொத்தமாக 4 செ.மீ.க்கு மேல் விரியப் பார்க்கும். தேக்கு இதில் ஏறக்குறைய பாதி. பீச் மரம் ஓக்கைவிட மோசம், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் கடலோர ஊருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பசை கொஞ்சம் பிடித்து வைக்கும், பலகைக்குப் பலகை இருக்கும் சிறு இடைவெளி கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்ச விசை எங்கே போகும்? மேலேதான். இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய பல அடுக்குப் பலகை இதில் முழு மரத்தைவிட அடக்கமானது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதையே எடுங்கள்.

ஆனால் வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘வுடன் ஃப்ளோரிங்’ என்ற பெயரில் கடையில் விற்பதில் நிறைய, மரத்தின் படம் ஒட்டிய அட்டை. பெட்டியில் ஏ.சி.3, ஏ.சி.4 என்று போட்டிருந்தால் அது லாமினேட்டின் தேய்மானத் தரக் குறியீடு. மேலே இருப்பது மரமே இல்லை. உண்மையான பல அடுக்குப் பலகையிலும் மேலடுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தடவை இழைத்துப் புதுப்பிக்கவே அரை முதல் ஒரு மி.மீ. போய்விடும். மேலடுக்கு 4 மி.மீ. இருந்தால் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் இழைத்துப் புதுப்பிக்கலாம். 0.6 மி.மீ. இருந்தால் ஒரு கீறலோடு கதை முடிந்தது.

பலகையைக் கொண்டுவந்து, சிமென்ட் வேலையும் பெயின்ட் வேலையும் நடக்கும் அறையில் அடுக்கி வைப்பது இன்னொரு அபத்தம். ஈர வேலை அத்தனையும் முடிந்து, நீங்கள் எப்படி வாழப்போகிறீர்களோ அப்படி அறையை ஆக்கிய பிறகுதான் மரம் உள்ளே வர வேண்டும். ஏ.சி. போட்டுத்தான் வாழப்போகிறீர்கள் என்றால் ஏ.சி.யைப் போட்டுவிட்டு. ஆசாரியிடம் ஊசி முனை ஈரமானி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே ஒன்று வாங்குங்கள். தரைக்குக் கொடுக்கும் பணத்தில் அது தூசு.

ஒட்டும் அன்று வீட்டில் இருங்கள். முதலில் ஓர் ஆணியால் தரையைக் கீறிப் பாருங்கள். பொடி பொடியாக உதிர்ந்தால் மேலே பால் பூச்சு மாதிரி ஒரு பலவீனமான படலம் இருக்கிறது. பசை அதைத்தான் பிடிக்கும், மரம் அதையும் பெயர்த்துக்கொண்டு எழும்பும். அரைத்து, வாக்குவம் வைத்து உறிஞ்சிய பிறகே பசை. பழைய டைல் மேலேயே ஒட்டலாம் என்றால், ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கேட்கும் டைலை எடுத்துவிட வேண்டும். மற்றதன் பளபளப்பை அரைத்து எடுக்க வேண்டும். இரண்டு மீட்டர் நேர்க்கட்டையை வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக் கூடாது.

அடுத்து பசை. ஆசாரிகள் பிளைவுட்டுக்குப் பூசும் வெள்ளைப் பசையை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது தண்ணீர் கலந்த பசை. ஒரு பக்கம் மரத்தைக் காயவைத்துவிட்டு மறுபக்கம் அதன் வயிற்றில் தண்ணீர் தடவுவது போல ஆகும். பாலியூரித்தேன் அல்லது சிலேன் வகைப் பசைதான் இதற்கு. காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பல் வைத்த கரண்டியால் தரை முழுக்க இழுத்தால் சதுர மீட்டருக்கு 800 கிராம் முதல் 1,200 கிராம் வரை பிடிக்கும். அப்படியென்றால் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 7 முதல் 11 கிலோ. உங்கள் 200 சதுர அடி அறைக்கு ஒரே ஒரு சின்ன வாளியோடு வந்து இறங்கினால், புள்ளி புள்ளியாகத் தொட்டு வைத்துவிட்டுப் போகப்போகிறார்கள் என்று அர்த்தம். வாளியின் மேல் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

சுவர் ஓரத்தில் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட வேண்டும், ஸ்கர்ட்டிங் அதை மூடிவிடும். இதை எல்லா ஆசாரிக்கும் தெரியும். ஆனால் அவர் போன பிறகு கொத்தனார் வந்து, ‘சந்து விட்டுட்டுப் போயிருக்காங்க’ என்று வொயிட் சிமென்ட் வைத்து அடைத்துவிடுவார். நல்ல எண்ணம்தான், தரையைக் கொன்றுவிடும். அன்றைக்கு யார் அந்த அறைக்குள் போகிறார்கள் என்று பாருங்கள்.

சில இடங்களில் எந்தப் பசையும் எந்த ப்ரைமரும் காப்பாற்றாது. அட்டாச்டு பாத்ரூம் ஒட்டிய சுவர் முதலில். நம் ஃப்ளாட்களில் பாத்ரூம் தளத்தைத் தாழ்த்தி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்புகிறார்கள். ஒரு குழாய் இணைப்பு கசிந்தால் அந்த ஜல்லி மாதக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்து, பக்கத்து அறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும். பாத்ரூம் வாசலருகே ஓக் கறுக்க ஆரம்பித்தால் அது அழுக்கு இல்லை. மரத்தின் டானின், ஈரம், இரும்பு மூன்றும் சேர்ந்த கறை. எபாக்ஸி ஈரத்தடுப்பு ப்ரைமர், மிச்சமிருக்கும் ஈரத்தை அடக்கும். ஓயாமல் ஊறும் கசிவை அடக்காது. அடுத்தது தரைத்தளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்த தெருக்களில் தரைத்தள வீட்டுக்கு ஒட்டிய மரத்தரை வேண்டவே வேண்டாம். தண்ணீர் வராவிட்டாலும் கரையான் வரும். ஐ.எஸ். 6313 முறைப்படி கரையான் தடுப்பு செய்த கட்டடமா என்று பில்டரிடம் ரசீதோடு கேளுங்கள்.

தளத்தில் வைத்தே இழைத்து மெருகேற்றும் வேலை என்றால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள், வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களோடு வைத்திருக்கிறது. மேலே பூசும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய் வகை என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. நெருப்பே வைக்காமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடச் சொல்லுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடச் சொல்லுங்கள்.

குடிவந்த பிறகு வாளித் தண்ணீரோடு மாப் போடும் பழக்கம் அந்த அறைக்கு ஆகாது, வேலைக்கு வரும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஃப்ளாட்டைப் பூட்டி வைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. வருடம் முழுக்க ஏ.சி. குளிருக்குப் பழகிய மரம், ஜன்னல் மூடிய வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தனியாகக் கிடந்தால் மேலே சொன்ன 9-இலிருந்து 16-க்கான பயணத்தைத் தொடங்கிவிடும். சாவி வைத்திருக்கும் உறவினர் வாரம் இரண்டு நாள் வந்து ஏ.சி.யை டிரை மோடில் ஓடவிட்டுப் போனால்கூட உதவும்.

ஏற்கெனவே ஒட்டி, ஓரங்கள் உயர ஆரம்பித்துவிட்டதா? உடனே இழைத்துச் சமமாக்குகிறேன் என்று ஒருவர் மெஷினோடு வருவார். அனுப்பிவிடுங்கள். ஈரத்தில் உயர்ந்த ஓரத்தை இன்று இழைத்தால், மரம் காயும்போது அந்த ஓரம் பள்ளமாகி நடு புடைத்து நிற்கும், அதைச் சரிசெய்ய மேலடுக்கு மிச்சமிருக்காது. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள். பிறகு ஈரமானி ஒரே எண்ணில் நிற்கும் வரை, அது மாதக்கணக்கில் ஆனாலும், காத்திருங்கள். பல பலகைகள் தாமாகவே படுத்துவிடும். படுக்காததை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.