மைக் செட்டும் நாமும்

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..."

இந்த மந்திரம் ஒலிக்காமல் நம் சங்கத்தில் எந்த விழாவும் தொடங்கியதில்லை. தொடர்ந்து "கீ...ங்" என்று ஓர் ஓலம் கிளம்பும். முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கடைசி வரிசைப் பெரியவர்களுக்கோ ஒன்றும் கேட்காது. ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து, மாதம் ஒரு முறை நல்ல தமிழ் கேட்கலாம் என்று வருபவர்கள் அவர்கள்தான்.

இந்தக் குறையைப் போக்கவே சங்கம் 120 வாட் டிஜிட்டல் மிக்ஸர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கியது. (மிக்ஸர் என்றதும் காராபூந்தி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல!) இரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் செயலாளர் அதை என் பொறுப்பில் விட்டார். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை பொங்கல் விழா வரைதான் நீடித்தது.

அன்று பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பாட வந்தாள். மைக்கைப் பிடித்தவள் சட்டென்று கையை உதறி, "தாத்தா, சுரீர்னு இருக்கு" என்றாள். ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். பிரித்துப் பார்த்ததில் ஆம்ப்ளிஃபயரில் கோளாறு இல்லை. கிடங்கில் பல வருடங்களாகக் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் கோளாறு. அதில் மூன்று துளை சாக்கெட்டுகள் இருந்தன. ஆனால் சுவரிலிருந்து வந்ததோ இரண்டே வயர். எர்த் வயர் கிடையாது. உள்ளே நைந்துபோன பேஸ் வயர் எர்த் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டி, அதிலிருந்து மைக்கின் உலோக உடல் எல்லாவற்றிலும் 230 வோல்ட்! மர மேடையும் மேலே விரித்த ஜமக்காளமும்தான் குழந்தையைக் காப்பாற்றின. ஈர சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

அந்தப் பெட்டியைச் சோதிக்காமல் மாட்டியவன் நான்தான். அதற்குப் பிராயச்சித்தமாகவே இக்கட்டுரை.

முதலில் எர்த், பிறகுதான் பாட்டு

மூன்று முனை பிளக்கில் தடித்த முனை எர்த். பெட்டிக்குள் எங்காவது பேஸ் வயர் உலோகத்தைத் தொட்டால், மின்சாரம் நம் உடல் வழியே போகாமல் பூமிக்குப் போக வழி செய்வது அதுதான். அதை உடைப்பதும், பிளக்கே இல்லாமல் வயர் நுனியைத் தீக்குச்சி வைத்துச் சொருகுவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

"எர்த்தைக் கழற்றினால் ஹம் சத்தம் போய்விடுகிறதே" என்பார்கள். உண்மைதான், போகும். ஆனால் அந்த இரைச்சலைப் போக்க வேறு வழி உண்டு. ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, சுருதிப் பெட்டி ஆகியவற்றை வெவ்வேறு மூலைகளிலுள்ள சாக்கெட்டுகளில் மாட்டாமல், நல்ல எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து மாட்டுங்கள். மைக் வயரைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே கொண்டுபோக வேண்டுமானால் கூட்டல் குறி போலக் கடக்கட்டும். மூன்று ஊசி கொண்ட எக்ஸ்.எல்.ஆர். மைக் வயரையே பயன்படுத்துங்கள். அதில் இரண்டு வயர்கள் ஒலியை எதிரெதிராகச் சுமந்து வருவதால், வழியில் இரண்டிலும் சமமாகச் சேரும் இரைச்சல் ஆம்ப்ளிஃபயரில் கழிந்துவிடும்.

மண்டபத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேளுங்கள். எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காக்கும். விழாவுக்கு முன் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் 'டப்' என்று விழவேண்டும். விழாவிட்டால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஸ்பீக்கர் இணைப்பு

ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 'காமன்', '4 ஓம்', '8 ஓம்', '100 வோல்ட்' என்று திருகுகள் இருக்கும். இவை ஏன்?

50 மீட்டர் தள்ளி ஒரு ஸ்பீக்கர் வைத்து அதற்கு 100 வாட் அனுப்புவதாகக் கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் போனால், போக வர 100 மீட்டருக்கு மின்தடை சுமார் 1.2 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் 3.5 ஆம்பியர் ஓடவேண்டும். வயரிலேயே சுமார் 15 வாட் வீணாகும். அதே 100 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர் போதும், வீணாவது 1.2 வாட்தான். இரயில் மின்பாதையில் 25,000 வோல்ட் வைத்திருப்பதும் இதே தத்துவத்தில்தான். நீண்ட பிளாட்பாரத்தில் வரிசையாக ஸ்பீக்கர் வைக்கும் ஸ்டேஷன்களுக்கு 100 வோல்ட் லைன் ஏற்றதாக இருப்பதும் இதனால்தான்.

எனவே மண்டபம் முழுக்கப் பல ஸ்பீக்கர் வைப்பதானால் 100 வோல்ட் முறையே நல்லது. அதற்கு ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் லைன் டிரான்ஸ்பார்மர் இருக்கவேண்டும். கணக்கு எளிது: எல்லா ஸ்பீக்கரின் வாட்டையும் கூட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரின் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்முடைய 120 வாட்டுக்கு 20 வாட் காலம் ஸ்பீக்கர் நான்கு வைத்தால் மொத்தம் 80 வாட், நிம்மதி.

டிரான்ஸ்பார்மர் இல்லாத 8 ஓம் பெட்டியை 100 வோல்ட் திருகில் மாட்டவே கூடாது. அது 12 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஆம்ப்ளிஃபயரோ ஸ்பீக்கரோ பலியாகும். இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாக மாட்டினால் 4 ஓம் ஆகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். 100 வோல்ட் லைனும் ஷாக் அடிக்கும். செட்டை அணைத்த பிறகே திருகைத் தொடுங்கள்.

ஓலம் ஏன்?

மைக்கில் புகுந்த ஒலி ஸ்பீக்கரில் வருகிறது. அதே ஒலி மீண்டும் மைக்கில் புகுந்தால் சுற்றிச் சுற்றிப் பெருகி ஓலமாகிறது. மருந்து இதோ:

ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்கட்டும். பேச்சாளருக்குப் பின்னால் வேண்டாம்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். வால்யூமைத் திருகுவதற்குப் பதில், பேச்சாளரை அருகே வரச் சொல்லுங்கள்.

பேசாத மைக்குகளை மூடிவையுங்கள். நான்கு மைக் திறந்திருந்தால் ஓலத்துக்கு நான்கு வாசல்.

ஓலம் வந்ததும் மைக் தலையைக் கையால் பொத்துவது நம்மவர் வழக்கம். அதனால் ஓலம் அதிகமாகுமே தவிரக் குறையாது.

டிஜிட்டல் சங்கதிகள்

பழைய செட்டில் ஒலி கூடினால் மெல்ல மெல்லக் கரகரக்கும். டிஜிட்டலில் எல்லை தாண்டினால் உடனே நறுக்கென்று வெட்டிவிடும். ஆகவே மாஸ்டரைக் குறைத்துவைத்து, பேச்சாளரை அவர் வழக்கமான குரலில் பேசச் சொல்லி, 'கெயின்' திருகைச் சிவப்பு விளக்கு மின்னும்வரை ஏற்றிப் பிறகு சற்றே இறக்குங்கள். கடைசியில் மாஸ்டரை ஏற்றுங்கள். மேடைப்பேச்சுக்கு 'பாஸ்' குறைவாகவும் 'எக்கோ' முழுக்க அணைந்தும் இருக்கட்டும். எக்கோ கலந்த பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

'பாண்டம்' என்ற 48 வோல்ட் பொத்தான் கன்டென்ஸர் மைக்குக்கு மட்டும்தான். அதை அழுத்தும்போது வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும்.

புளூடூத் மிகவும் வசதிதான். ஆனால் மௌன அஞ்சலியின்போது யாரோ ஒருவர் செல்போனின் 'டிங்' ஸ்பீக்கரில் ஒலித்ததை மறந்திருக்க மாட்டீர்கள்! செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் இயக்குங்கள். பென் டிரைவில் பாட்டை ஏற்றிவருவது அதைவிட உத்தமம்.

தனி மிக்ஸர், கீபோர்டு எல்லாம் சேர்ந்திருந்தால் ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது அதை முதலில் அணையுங்கள். பெட்டியின் காற்றுத் துளைகள் மேல் பொன்னாடையும் வேண்டாம், காபி டம்ளரும் வேண்டாம். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போடவேண்டும், வெள்ளித்தாள் சுற்றக்கூடாது.

அக்கம்பக்கம்

நாம் பிழைக்க வந்த ஊர். அண்டை அயலாரின் தூக்கமும் முக்கியம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குரிய அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். பண்டிகை நாட்களில் மாநில அரசு நள்ளிரவு வரை விலக்கு அளிக்கலாம். அதுவும் வருடத்தில் 15 நாட்களுக்கு மேல் இல்லை.

அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியை நானே உடைத்துப் போட்டுவிட்டேன். புதிதாக மூன்று வயர் பெட்டி வந்திருக்கிறது. மேலே சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி ஆம்ப்ளிஃபயர் மூடியில் ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பின்னும் இதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா? விருப்பமுள்ள இளைஞர்கள், இளம்பெண்கள் அடுத்த விழாவுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்தால் கற்றுத் தரக் காத்திருக்கிறேன்.

அந்தச் சிறுமி சித்திரைத் திருநாளில் மறுபடியும் பாடினாள். மைக்கைத் தொடுமுன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் நான் அதைக் கையில் பிடித்துக் காட்டினேன். பிறகுதான் அவள் வாங்கிக்கொண்டாள். கடைசி வரிசை வரை கேட்டது.